மோட்டார் குழியில் இருந்த காற்று

நான் பார்க்கும் வேலை என்ன என்று எங்கள் பக்கத்தில் யாராவது கேட்டால் எனக்கு நாக்கு வறண்டுவிடும். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைத் தனியே பிரித்துப் பிடித்து, தண்ணீர் மாதிரி ஆகும்வரை அழுத்தி, பூமிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் கீழே பாறைக்குள் செலுத்தி, மேலே வராமல் வைத்திருப்பது. அதற்குத் தோதான பாறை எங்கே இருக்கிறது என்று தேடும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். காவிரிப் படுகையில் அது நடக்காது. இங்கே எரிவாயுவுக்காகத் துளை போட்ட வயல்களும் உண்டு, இனிமேல் போடக் கூடாது என்று பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. பூமிக்குள் குழாய் இறக்குகிறேன் என்று எவர் வந்தாலும் முதலில் மோர் கொடுப்பார்கள், பிறகு வந்த வழியைக் காட்டுவார்கள்.

உண்மையில் நாங்கள் எதையும் இறக்க வரவில்லை. இறக்குவார்களா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதற்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்க மண்ணை அளக்க வேண்டும். மண்ணுக்கும் மூச்சு உண்டு. வேர் விடுகிறது, புழு விடுகிறது, மக்குகிற வைக்கோல் விடுகிறது. வயலில் தண்ணீர் நிற்கும்போது ஓர் அளவு, காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது ஓர் அளவு. அந்த இயல்பு தெரிந்தால்தான், பின்னால் என்றைக்காவது கீழே வைத்தது கசிந்து வந்தால் கண்டுபிடிக்க முடியும். இந்தக் கசிவு என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் வயல் கேட்பது? அக்காவிடம் போனேன்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தது. மூன்று ஏக்கர் நஞ்சை, ஒரு போர்வெல், ஒரே பையன். அவன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அத்தான் இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர் இறந்தது மோட்டார் குழியில். நிலத்தடித் தண்ணீர் இறங்க இறங்க, தரையில் இருந்த மோட்டாருக்கு இழுக்க வலு போதாமல், ஆள் உயரத்துக்கு மேல் குழி வெட்டி அதற்குள் மோட்டாரை இறக்கி வைப்பது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். கோடை மழைக்காகத் தகரம் போட்டு மூடியிருந்த குழியை ஒரு வாரம் கழித்துத் திறந்து, வால்வைப் பார்க்க அத்தான் இறங்கினார். ஏறி வரவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சுத்திணறல் என்று எழுதினார்கள். ஊரில் விஷவாயு என்றார்கள். அக்கா ஐந்து வயதுப் பையனை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அது என்ன விஷவாயு என்று எனக்குத் தெரியும். கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. நனைந்த மண்ணும் வேரும் விடுகிற கரியமில வாயு காற்றைவிடக் கனம். மூடிய பள்ளத்தில் அடியில் போய்த் தங்கிவிடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. குழி விளிம்பில் நின்றபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, போனவர் வரப்போகிறாரா என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்தக் குழிதான் என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பொய். வேலை காலியிருந்தது, விண்ணப்பம் போட்டேன், கிடைத்தது. சேர்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. அத்தானைக் கொன்ற அதே வாயுவைத்தான் இவள் பூமிக்குள் வைக்கப் பார்க்கிறாள் என்று ஒருநாள் அக்காவுக்குத் தெரிந்தால்? அம்மா அப்பா இருவரும் போன பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க எனக்கு இருக்கிற ஒரே வீடு அவள் வீடு. அதை இழக்க எனக்கு மனசில்லை.

அதனால் அக்காவிடம், மண்ணின் மூச்சை அளக்கப்போகிறோம் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சம்மதப் படிவம் இரண்டு பக்கம். எந்த வாயு, எதற்காக என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அவள் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"நீ குடுக்கறதைப் படிச்சுப் பார்த்துட்டா கையெழுத்துப் போடணும்?" என்று சொல்லிக்கொண்டே போட்டாள்.

அந்த வாக்கியம் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் என்னை உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வயல் வேண்டியிருந்தது.

வரப்போரமாக நான்கு இடத்தில் மெல்லிய குழாய் இறக்கினோம். அவற்றின் காற்றை இழுத்து அளக்கிற பெட்டியை மோட்டார் கொட்டகையில் வைத்தோம். கொட்டகைக் காற்றையே சோதித்து ஆபத்து என்றால் கத்துகிற ஒரு சின்னக் கருவியும் அதனோடு சேர்ந்தது. விதிப்படி வைத்தாக வேண்டும். தூசியும் எலியும் வராமலிருக்க ஜன்னலையும் ஓட்டுச் சந்துகளையும் நானே சாக்கு வைத்து அடைத்தேன். கதவைத் திறந்து போடாதே என்று அக்காவிடம் நாலு தடவை சொன்னேன்.

அளவுகள் தானாகப் பதிவாகும். இருந்தாலும் ஒருவர் கையாலும் எழுதி வைப்பது நல்லது என்று ஒரு நோட்டு கொடுத்திருந்தேன். அக்கா அதைப் பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி எழுதினாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, கூடவே எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. முதல் மாதம் வெறும் எண். இரண்டாம் மாதம் எண்ணோடு குறிப்பும் வந்தது. தண்ணீர் கட்டினால் மூச்சு அடங்குகிறது, வடித்தால் ஏறுகிறது. களை பறித்த அன்றைக்குக் கொஞ்சம் துள்ளுகிறது. உளுந்து தெளித்த பிறகு சாயங்காலத்தில் வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் குழுவில் பட்டம் வாங்கியவர்கள் அந்தக் குறிப்புகளைப் போட்டுக் கேட்டுவிட்டு, இந்தம்மா யார் என்று கேட்டார்கள். என் அக்கா என்று சொல்லும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை. மாதம் ஒருமுறை போய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன். பையன் போனில் வந்தால், உன் அம்மா விஞ்ஞானி ஆகிவிட்டாள் என்று கிண்டல் செய்வேன். சின்ன வயதில்கூட நாங்கள் இருவரும் இவ்வளவு பேசியதில்லை. பேசப் பேச, சொல்லாத அந்த ஒன்று எனக்குள் கனத்துக்கொண்டே போனது.

வைகாசியில் குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்தாள். போர் இருக்கிறவர்கள் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுவார்கள். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரச் சாக்கோடு காற்றுப்படாத இடத்தில் வைக்கோல் போட்டு மூடினால் முளை கட்டும். அந்த முறை மழை வரும்போல இருந்ததால் அக்கா மூட்டைகளை வைக்க இடம் தேடியிருக்கிறாள். மோட்டார் கொட்டகையைவிடத் தோதான இடம் உண்டா? கதவு பூட்டியிருக்கும், எலி வராது, காற்றுப் புகாமல் தங்கச்சியே பார்த்துப் பார்த்து அடைத்து வைத்திருக்கிறாள். மூன்று மூட்டையையும் பெட்டிக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டாள். விதையும் முளைக்கும்போது நம்மைப்போல மூச்சு விடும். விடுவது கரியமில வாயு. இது எனக்குத் தெரியும். அவள் மூட்டையை அங்கே வைப்பாள் என்பது தெரியாது.

மறுநாள் உச்சிவேளையில் அவளிடமிருந்து போன். மூட்டைக்குத் தண்ணீர் தெளிக்க வந்ததாகவும், சின்னக் கருவி விசில் அடித்துக்கொண்டே இருப்பதாகவும், கரண்டு கோளாறாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்ததாகவும் சொன்னாள். தலை லேசாகக் கனக்கிறதாம், வெயில்தான் காரணமாம். கருவியில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டேன். நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். ஐந்து இலக்கம். சாதாரணக் காற்றில் மூன்று இலக்கம்தான் வரும்.

அந்த வயலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய எரிவாயுக் கிணறு மூடிக் கிடக்கிறது. எனக்கு முதலில் மனசில் ஓடியது அதுதான். கீழே என்னவோ உடைந்து மேலே வருகிறது, அக்கா அதற்குள் உட்கார்ந்திருக்கிறாள். நான் அலுவலகத்தில் எல்லோர் நடுவிலும் எழுந்து நின்று கத்தினேன்.

"அக்கா, வெளியே ஓடு. அந்தக் காத்து ஆளைக் கொன்னுடும். ஓடுக்கா."

ஓடினாள். மூச்சு வாங்குவது போனில் கேட்டது. வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன் என்றாள். கொட்டகைக்குள் புதிதாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். விதை மூட்டை என்றாள். எத்தனை என்று கேட்டேன். மூன்று. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முளை கட்டும் நெல் விட்ட மூச்சுதான்க்கா, கதவை அகலத் திறந்து போடு, கொஞ்ச நேரம் கழித்து மூட்டையை வெளியே எடுத்தால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று மளமளவென்று சொன்னேன். 

"எந்தக் காத்துடி அது, ஆளைக் கொல்றது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"அவரு குழியில இருந்ததா?"

இந்தக் கேள்விக்குச் சொல்ல எத்தனையோ பதில்களை வருஷக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே கிளம்பினேன். மறுநாள் காலை தஞ்சாவூரில் இறங்கி, பஸ் பிடித்துப் போனேன். அக்கா நாற்றங்காலில் நின்று முளை விதையைத் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் எதையும் காட்டாமல், "வாங்க" என்றாள். கால் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இலை போட்டு, தண்ணீர் வைத்து, சம்பந்தி வீட்டு ஆளுக்குப் பரிமாறுவதுபோல இட்லி வைத்து, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க" என்றாள். நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. 

பகல் முழுக்க நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். சாக்கைக் கழுவினாள், நானும் கழுவினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், வாளியை நான் தூக்கினேன். வெயில் தாழ்ந்த பிறகு வரப்பில் உட்கார்ந்து, அந்தப் படிவத்தைக் கொண்டு வரச் சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

இதை எதற்கு மண்ணுக்குள் வைக்க வேண்டும் என்று கேட்டாள். மேலே சேரச் சேரச் சூடு ஏறுகிறது, அறுப்பு நேரத்தில் மழை கொட்டுவதும் ஒரு பங்கு அதனால்தான் என்றேன். எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். உன் போரைப்போலப் பல மடங்கு என்றேன். அங்கே பெரிய குகையா இருக்கிறது என்றாள். இல்லை, பொடிப் பொடித் துளை உள்ள மணற்பாறை, துளைக்குள் உப்புத் தண்ணீர். வாயு அதற்குள் ஏறிக்கொள்ளும், கொஞ்சம் கரையும், ரொம்பக் காலம் போனால் ஒரு பங்கு கல்லாகவே ஆகிவிடும். அதற்கு மேலே கெட்டிக் களிமண் பாறை மூடிபோல இருக்கிறது, லட்சக்கணக்கான வருஷம் எரிவாயுவை மேலே விடாமல் பிடித்து வைத்தது அதுதான் என்றேன். எங்கள் கூட்டங்களில் இந்த இடத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

"அவ்வளவு நல்ல மூடியில ஓட்டை போட்டது யாரு?" என்றாள் அக்கா.

எங்களைப் போன்றவர்கள்தான், முன்னால் எரிவாயு எடுக்கும்போது போட்டது என்றேன். சிமெண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள் என்றேன். சிமெண்டு எத்தனை வருஷம் தாங்கும், போன ஐப்பசியில் மொட்டைமாடி ஒழுகியதே என்றாள். அதனால்தான் அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்றேன். நீங்களெல்லாம் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன பிறகு யார் அளப்பார்கள் என்றாள். மேலே வயலில் வேலை செய்கிறவர்களுக்கு யார் சொல்வார்கள், எந்தப் பாஷையில் சொல்வார்கள் என்றாள். அந்தக் கேள்விகளை அப்படியே எழுதி எங்கள் அலுவலகத்தில் பிறகு கொடுத்தேன். இரண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். குழியைப் பார்த்தபோதே தெரியும், உன்னை மேலும் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் விட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். வருஷக்கணக்காக எனக்குள் இருந்தது இப்போது வெளியே வந்துவிட்டது, இனி அவள் திட்டுவாள், போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, மிகவும் மெதுவாக, எனக்குச் சம்பந்தமில்லாததுபோல ஒன்றைச் சொன்னாள்.

அந்த வாரம் பூச்சிமருந்து அடித்து, டப்பாவில் பாதி மிச்சம் இருந்ததாம். வீட்டில் வைத்தால் பையன் எடுத்துவிடுவான், எதைக் கண்டாலும் வாயில் வைக்கிற பிள்ளை. மோட்டார் குழிக்குள் இரண்டாம் படியில் வைத்தாளாம். மூடியைச் சரியாகத் திருகினாளா என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. மேலே தகரத்தைப் போட்டு மூடியதும் அவள்தான். அத்தானைத் தூக்கியவர்கள் குழியில் கிடந்ததையெல்லாம் வாரி வெளியே போட்டபோது அந்த டப்பாவும் வந்ததாம். யாரும் கவனிக்கவில்லை. அவள் அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்து, மூன்றாம் நாள் குழியைத் தூர்க்கும்போது அடியில் போட்டுவிட்டாள்.

"அந்த மருந்து வாடையாலதான் போனாருன்னு நெனைச்சேன். நான் வச்சதாலதான்னு. யார்கிட்ட சொல்றது? அவன் ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும், இவன் அப்பாவை நான்தானேன்னு இருக்கும்."

அத்தானுக்குப் பிறகு அவள் தன் வயலில் ஒரு சொட்டு மருந்து அடித்ததில்லை. இயற்கை விவசாயம் என்று ஊர் அவளைப் பாராட்டியது. நானும் பாராட்டியிருக்கிறேன், குழுவில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஒருநாளாவது ஏன் என்று கேட்டேனா? அவளுக்குக் கஷ்டம் வேண்டாமென்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்த ஒவ்வொரு நாளும், அவள் தன்னைத்தானே கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு சோறு வடித்திருக்கிறாள். என் ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும். எனக்கு அங்கேயே அந்த வரப்பிலேயே விழுந்து அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அது என் முறை இல்லை.

அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் எளிமையாகச் சொன்னேன். ஒரு டப்பா மருந்தின் வாடை ஆளை நின்ற இடத்தில் சாய்க்காது. மருந்து ஏறியிருந்தால் நுரை தள்ளியிருக்கும், ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து எழுதியிருப்பார்கள். அப்படி ஒன்றும் எழுதவில்லை. மழையில் நனைந்த மண் ஒரு வாரம் விட்ட மூச்சு அந்தக் குழிக்குள் தேங்கிக் கிடந்தது. தகரம் போடாமல் இருந்திருந்தாலும் பள்ளத்தில் அது தங்கத்தான் செய்யும். டப்பா அங்கே இல்லாமல் இருந்தாலும் அத்தான் அன்றைக்கு விழுந்திருப்பார்.

"அப்ப நான் வச்சது இல்லையா?"

"இல்லக்கா. யாரும் வச்சது இல்ல. அது மண்ணோட மூச்சு."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். முதலிலிருந்து, நுரை, ஆஸ்பத்திரி, மழை, மண் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் மறுபடியும் சொல்லச் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது, பாதியிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பதினெட்டு வருஷம்டி" என்றாள்.